ஹாம்லெட்: தீர்ந்தும் தீராத பழி

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், தோட்டத்தில் பகல் தூக்கத்தில் இருந்த டென்மார்க் அரசனின் காதில் நஞ்சை ஊற்றி உடன்பிறந்த தம்பியே கொன்றுவிடுகிறான். பாம்பு கடித்து இறந்ததாக ஊருக்குச் சொல்லப்படுகிறது. தம்பி கிளாடியஸ் முடிசூடுகிறான். இரண்டு மாதம் ஆவதற்குள் அண்ணன் மனைவி கெர்ட்ரூடையும் மணந்துகொள்கிறான். செத்தவனின் ஆவி மகன் ஹாம்லெட்டிடம் வந்து நடந்ததைச் சொல்லிப் பழிவாங்கப் பணிக்கிறது. ஐந்தாம் அங்கத்தின் கடைசியில் கிளாடியஸ் ஹாம்லெட்டின் கையாலேயே சாகிறான். இட்ட வேலை முடிந்துவிட்டது. அதற்குள் எட்டு உயிர்கள் போயிருக்கின்றன. பழைய அரசனைக் கொன்ற குற்றவாளி அந்த எட்டில் ஒருவன்தான். அரச குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. டென்மார்க்கின் முடி, பழைய அரசன் ஒருகாலத்தில் வெட்டி வீழ்த்திய எதிரியின் மகன் தலைக்குப் போகிறது.

ஹாம்லெட் ஏன் இவ்வளவு தாமதித்தான் என்பதே நெடுங்காலமாக இந்த நாடகத்தைப் பற்றிக் கேட்கப்பட்டுவரும் கேள்வி. அதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். தாமதிக்காமல் கொன்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை. நாடகத்தின் கட்டுமானமோ இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது. தந்தையை இழந்த பிள்ளைகள் பலரை ஷேக்ஸ்பியர் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள், என்ன பெற்றார்கள் என்று காட்டுகிறார்.

நாடகம் எழுதப்பட்டது 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போதைய இங்கிலாந்தில் பழிவாங்கல் குறித்து ஒருமித்த கருத்து கிடையாது. தண்டிக்கும் உரிமை கடவுளுக்கும், அவர் சார்பில் அரசனுக்கும் மட்டுமே உண்டு என்று திருச்சபை போதித்தது. சட்டமும் தனிமனிதன் செய்யும் கொலையைக் கொலையாகவே பார்த்தது. தந்தைக்காகச் செய்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது. ஆனால் மேட்டுக்குடியின் மானக் கணக்கு வேறு. அவமானத்தை வாளால் துடைக்காதவன் ஆண்மகனாக மதிக்கப்படவில்லை. துவந்த யுத்தங்கள் பெருகிப்போய், முதலாம் ஜேம்ஸ் 1614-இல் அவற்றைத் தடுக்க அரசாணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது. அரசும் இதில் சுத்தமான கை என்று சொல்ல முடியாது. 1584-இல் ஆரஞ்சு வில்லியம் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, எலிசபெத் ராணிக்கு ஆபத்து நேர்ந்தால் காரணமானவர்களையும் அதனால் பலன் பெறுபவர்களையும் வேட்டையாடிக் கொல்வதாக ஆயிரக்கணக்கானோர் ஓர் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் வாசகத்தை வகுத்தவர்கள் அரசியின் மூத்த அமைச்சர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பழிவாங்காதே என்று கேட்ட அதே மக்கள், வாரநாளில் நாடகக் கொட்டகையில் பழிவாங்கும் கதைக்குக் காசு கொடுத்து நின்றார்கள்.

அந்தக் கொட்டகைக்கு முன்மாதிரி தந்தவர் ரோமானிய நாடகாசிரியர் செனெக்கா. அவருடைய துன்பியல் நாடகங்களின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பு 1581-இல் வெளிவந்தது. தம்பியின் பிள்ளைகளைக் கொன்று அவனுக்கே விருந்து படைக்கும் அண்ணன் கதை அதில் ஒன்று. அது ஓர் ஆவியின் வருகையோடு தொடங்குகிறது. தாமஸ் கிட் எழுதிய ‘ஸ்பானிய துன்பியல்’ இந்த மரபை லண்டன் மேடைக்குக் கொண்டுவந்தது. அதில் மகனைப் பறிகொடுத்த ஹியரோனிமோ ஒரு நீதிபதி. ஊருக்கு நீதி வழங்குபவனுக்குத் தன் மகனுக்கான நீதி கிடைக்காததால், நாடகத்துக்குள் ஒரு நாடகம் போட்டு அதிலேயே எதிரிகளைக் கொல்கிறான். போரில் மாண்ட ஆண்ட்ரியாவின் ஆவி, பழிவாங்கலே உருவெடுத்த ஒரு பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் முழுவதையும் பார்க்கிறது. கடைசியில் பிணங்களைப் பெயர் சொல்லி எண்ணி மகிழ்கிறது. நல்லவர்களும் செத்திருப்பது அதன் திருப்தியைக் குறைக்கவில்லை. இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டால், ஹாம்லெட்டின் முடிவில் எது இல்லை என்பது தெளிவாகும்.

ஹாம்லெட் கதையின் மூலம் இன்னும் பழையது. டேனிய வரலாற்றாசிரியர் சாக்ஸோ 1200-ஐ ஒட்டி லத்தீனில் எழுதிய நூலில் ஆம்லெத் என்ற இளவரசன் வருகிறான். அவன் தந்தையைச் சிற்றப்பன் ஃபெங் கொன்றது ஊரறிந்த விஷயம். தன்னையும் கொன்றுவிடுவான் என்று பயந்து ஆம்லெத் பைத்தியம்போல் நடிக்கிறான். பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டவன், தனக்கே நடக்கும் இறுதிச்சடங்கு விருந்தின்போது திரும்பி வருகிறான். அரசவையாரைக் குடியில் மூழ்கடித்து, தாய் பின்னிவைத்த திரையை அவர்கள்மேல் விழச்செய்து முளைகளால் இறுக்கி, மண்டபத்துக்குத் தீவைக்கிறான். ஃபெங்கைத் தேடிப் போய்க் கொல்கிறான். மறுநாள் மக்களைக் கூட்டி நடந்ததை விளக்குகிறான். மக்கள் அவனை அரசனாக ஏற்கிறார்கள். இங்கே பழிவாங்கல் வீணாகவில்லை. எண்ணியது நடந்தது, முடியும் கிடைத்தது, ஊரும் ஒப்புக்கொண்டது. பின்னாளில் ஆம்லெத் வேறொரு போரில் சாவது தனிக்கதை.

பிரெஞ்சு எழுத்தாளர் பெல்ஃபோரே 1570-இல் இந்தக் கதையை மறுபடி சொன்னார். 1589-க்கு முன்பே லண்டனில் ஒரு ஹாம்லெட் நாடகம் ஓடியிருக்கிறது. பழிவாங்கச் சொல்லிக் கூவும் ஆவி அதில் இருந்ததை 1596-இல் ஒருவர் கேலி செய்து எழுதியிருக்கிறார். அந்த நாடகம் கிடைக்கவில்லை. ஆகவே ஷேக்ஸ்பியரின் கைவேலை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். ஆனாலும் சாக்ஸோவின் வெற்றிக் கதைக்கும் இந்த நாடகத்துக்கும் இடையே நேர்ந்த மாற்றங்கள் ஒரே திசையில் போகின்றன. கொலை ரகசியமாகிவிட்டது, சாட்சி ஓர் ஆவி மட்டும். தாய் உதவிக்கு வருவதில்லை. 1603-இல் வெளிவந்த குறுகிய பதிப்பில் அவள் மகனுக்குத் துணைநிற்பதாக வாக்களிக்கிறாள். 1604-05 பதிப்பிலும் 1623 தொகுப்பிலும், அவன் நடிப்பை வெளியே சொல்லமாட்டேன் என்பதோடு நின்றுகொள்கிறாள். மக்களைக் கூட்டி விளக்கம் சொல்லும் வாய்ப்பும் நாயகனுக்கு இல்லை. பழி பலித்ததற்குக் காரணமாக இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக உருவப்பட்டுவிட்டன.

ஆவியின் கட்டளையிலேயே முதல் சிக்கல் இருக்கிறது. அது உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து வருவதாகச் சொல்கிறது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, அவஸ்தைபூசுதல் எதுவும் இல்லாமல் தான் சாக நேர்ந்ததே அதன் பெரிய துயரம். தன் பாவங்களுக்காக நெருப்பில் சுத்திகரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஆத்மா, மகனை ஒரு கொலைக்கு ஏவுகிறது. உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையாது என்பது அன்றைய இங்கிலாந்துத் திருச்சபையின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. அங்கிருந்து வந்ததாகச் சொல்லும் உருவம் பிசாசாகவும் இருக்கலாம் என்ற ஐயம் பார்வையாளருக்கு இருந்திருக்கும், ஹாம்லெட்டுக்கும் இருக்கிறது. கட்டளையின் மறுபாதி அதைவிடச் சங்கடமானது: பழிவாங்கு, ஆனால் உன் மனம் கறைபடக் கூடாது, தாயைத் தண்டிக்காதே. மனத்தில் கறை படியாமல் ஒரு மனிதனைக் கொல்வது எப்படி என்று ஆவி சொல்லித்தரவில்லை. கறை முதலில் காதலி ஒஃபீலியாவிடம் பேசும் பேச்சில் தெரிகிறது, பிறகு அவள் தந்தை பொலோனியஸின் பிணத்தை இழுத்துச் செல்லும்போது, பிறகு பழைய பள்ளித் தோழர்கள் இருவரையும் சாவுக்கு அனுப்பிவிட்டு அது தன் மனச்சாட்சியைத் தொடவில்லை என்று சொல்லும்போது.

ஆவி சொன்னது மெய்யா என்று சோதிக்க ஹாம்லெட் அரண்மனையில் ஒரு நாடகம் போடுகிறான். தூங்கும் அரசனின் காதில் நஞ்சு ஊற்றும் காட்சியைக் கண்டதும் கிளாடியஸ் எழுந்துவிடுகிறான். ஹாம்லெட்டுக்கு உறுதி கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த நாடகத்தில் நஞ்சு ஊற்றுபவன் அரசனுக்குத் தம்பியாக வரவில்லை, உடன்பிறந்தார் மகனாக வருகிறான். அதை ஹாம்லெட்டே சபையில் அறிவிக்கிறான். கொலை ரகசியம் தெரியாத அரசவையார் கண்ணில் பட்டது என்ன? அரசனின் அண்ணன் மகன், அரசனைக் கொல்லும் அண்ணன் மகனைப் பற்றி நாடகம் போட்டுக் காட்டியிருக்கிறான். குற்றத்தை அம்பலப்படுத்த வேண்டிய ஏற்பாடு, அரசனுக்கு விடுத்த மிரட்டலாகிவிட்டது. குற்றவாளிக்கு ஹாம்லெட்டின் உள்ளம் தெரிந்துவிட்டது. ஊருக்குக் குற்றவாளி யாரென்று தெரியவில்லை.

அடுத்துவரும் பிரார்த்தனைக் காட்சியில்தான் நாடகத்தின் கத்தி கூர்மையாக இருக்கிறது. கிளாடியஸ் தனியாக இருக்கிறான். அண்ணனைக் கொன்றதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறான். மன்னிப்புக் கேட்க ஆசை. ஆனால் எதற்காகக் கொன்றானோ அந்த முடியும் ராணியும் இன்னும் கையில் இருக்கும்போது மன்னிப்பு எப்படிக் கிடைக்கும் என்று அவனே வாதாடுகிறான். ஆயினும் மண்டியிடுகிறான். பின்னால் ஹாம்லெட் வருகிறான். காவலர் இல்லை, எதிர்ப்பு இல்லை. வாளை உருவுகிறான். பிறகு யோசிக்கிறான்: ஜெபம் செய்துகொண்டிருப்பவனைக் கொன்றால் அவன் ஆத்மா மோட்சத்துக்குப் போய்விடும், தன் தந்தையோ பாவங்களோடு போனார், இது பழியாகுமா? குடியிலோ சூதிலோ கட்டிலிலோ இருக்கும்போது வெட்டினால்தான் நரகத்துக்குப் போவான். வாளை உறையில் போட்டுவிட்டுப் போகிறான். அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, தன் சொற்கள்தான் மேலே போயின, மனம் இங்கேயே கிடக்கிறது என்கிறான். அவன் ஜெபிக்கவே இல்லை. ஹாம்லெட் அந்தக் கணத்தில் வெட்டியிருந்தால், அவன் விரும்பிய நரகமே கிளாடியஸுக்குக் கிடைத்திருக்கும்.

1765-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்த சாமுவேல் ஜான்சன், ஹாம்லெட்டின் இந்தப் பேச்சு வாசிக்கவும் சொல்லவும் தகாத அளவு கொடூரமானது என்று கருதினார். பின்வந்த பலர், இது தாமதத்துக்குச் சொல்லும் சாக்கு, மனத்தில் உள்ளதைச் சொல்லவில்லை என்று ஹாம்லெட்டைக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஜான்சனே பிரதியை நேராகப் படித்தவர். பழிவாங்க நினைப்பவனுக்கு எதிரியின் சாவு போதாது என்பதை இந்தக் காட்சி அம்மணமாகக் காட்டுகிறது. செய்த தீங்குக்கும் கொடுக்கும் தண்டனைக்கும் சமன் காண வேண்டுமென்று இறங்கினால் அந்தச் சமன் மறுமைவரை நீள்கிறது. அங்கே மனிதக் கண் எட்டாது. எதிரியின் ஆத்மாவுக்குள் எட்டிப் பார்க்க முயன்று ஹாம்லெட் தவறாகப் பார்த்தான், கைக்கு வந்த வாய்ப்பும் போயிற்று.

போன வாய்ப்பின் விலை சில நிமிடங்களிலேயே தெரிகிறது. தாயின் அறையில் திரைக்குப் பின்னால் அசைவு கேட்டதும், அரசன்தான் என்று நினைத்து ஹாம்லெட் குத்துகிறான். செத்தது ஒட்டுக்கேட்ட அமைச்சர் பொலோனியஸ். யோசித்தபோது கொல்லாதவன் யோசிக்காமல் கொன்றபோது ஆள் மாறிவிட்டது. நாடகம் இந்த இடத்தில் தலைகீழாகிறது. இதுவரை தந்தையைப் பறிகொடுத்த மகனாக இருந்தவன், இனி இன்னொரு மகனின் தந்தையைக் கொன்றவன். பொலோனியஸின் மகன் லேயர்ட்டீஸைப் பொறுத்தவரை ஹாம்லெட்டும் கிளாடியஸும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஹாம்லெட்டுக்கே இது புரிகிறது. தன் வழக்கின் நிழலில் அவன் வழக்கு தெரிகிறது என்று பிறகு நண்பன் ஹொரேஷியோவிடம் சொல்கிறான். புரிந்ததால் எதுவும் நின்றுவிடவில்லை.

ஹாம்லெட் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டுமென்று அவசரக்காரர்கள் எதிர்பார்ப்பார்களோ, லேயர்ட்டீஸ் அப்படியே நடந்துகொள்கிறான். பாரிஸிலிருந்து ஓடிவருகிறான், கூட்டம் சேர்க்கிறான், அரண்மனைக் கதவை உடைக்கிறான். மனச்சாட்சியும் கடவுளருளும் பாதாளத்துக்குப் போகட்டும் என்கிறான். ஹாம்லெட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே கழுத்தறுப்பேன் என்கிறான். பழிக்கு எல்லை இருக்கக் கூடாது என்று அதை ஆமோதிப்பவன் யார் என்பதைக் கவனிக்க வேண்டும்: கிளாடியஸ். பழியின் தத்துவத்தை இந்த நாடகத்தில் மிகத் தெளிவாக எடுத்துச் சொல்பவன், பழிக்கு இலக்கான கொலைகாரன்தான். லேயர்ட்டீஸின் கோபத்தை அவன் ஒரே உரையாடலில் தனக்கான கருவியாக்கிவிடுகிறான். முனை மழுக்காத வாள், அதில் நஞ்சு, தப்பினால் கொடுக்க நஞ்சு கலந்த கோப்பை. மானத்துக்காகப் புறப்பட்டவன், வித்தைக்காரனிடம் வாங்கிய நஞ்சோடு நண்பர்போல் வாள்போட்டிக்கு நிற்கிறான். வேகம் இருந்தால் பழி பலிக்கும் என்று நினைப்பவர்களுக்கு லேயர்ட்டீஸின் கதி பதில். தாமதித்தவனும் தாமதிக்காதவனும் ஒரே வாளால், ஒரே நஞ்சால், ஒரே மேடையில் சாகிறார்கள்.

தந்தையை இழந்த மகளுக்கு இந்த ஆட்டத்தில் இடமே இல்லை. ஒஃபீலியாவின் தந்தையைக் கொன்றவன் அவள் காதலன். யாரைப் பழிவாங்குவாள்? பாட்டும் பூவுமாகப் புத்தி பேதலித்து ஓடையில் மூழ்கிப்போகிறாள். அவள் சாவு லேயர்ட்டீஸின் கோபத்துக்கு இன்னொரு காரணமாகச் சேர்கிறது; அவளுடைய குழிக்குள்ளேயே அண்ணனும் காதலனும் குதித்துக் கட்டிப் புரள்கிறார்கள், யார் அன்பு பெரிது என்று. இதைவிடக் கசப்பான காட்சி நாடகத்தில் வேறில்லை.

அரண்மனைக்கு வந்த நடிகன் சொல்லிக்காட்டும் பிர்ரஸ் கதையும் இந்த வரிசையைச் சேர்ந்தது. அக்கிலீஸின் மகன் பிர்ரஸ், தந்தைக்காக டிராய் நகரில் கிழ அரசன் பிரயாமைத் தேடிப்பிடித்து வெட்டுகிறான். ஓங்கிய வாள் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு இறங்குகிறது. முழுமையாக நிறைவேறிய பழியின் படம் இது ஒன்றுதான். ஆனால் நடிகனுக்குக் கண்ணீர் வருவது பிர்ரஸை நினைத்தல்ல. வெட்டப்பட்ட கிழவனின் மனைவி ஹெகூபாவை நினைத்து.

மேடையில் வரும் மூன்றாவது மகன் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸ். அவன் தந்தையும் ஹாம்லெட்டின் தந்தையும் நிலத்தைப் பணயம் வைத்து நேருக்கு நேர் பொருதார்கள். நார்வே அரசன் செத்தான், அவன் நிலம் டென்மார்க்குக்கு வந்தது. அந்த நிலத்தை மீட்கப் படை திரட்டுகிறான் மகன். அங்கேயும் சிற்றப்பன்தான் ஆள்கிறான். அவன் கண்டித்ததும் ஃபோர்ட்டின்பிராஸ் டென்மார்க்மேல் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போலந்துமேல் போகிறான். மேடையில் அவனுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் பழியைக் கைவிட்ட ஒரே மகன் அவன். கடைசியில் உயிரோடு நிற்பவனும் அவனே. தந்தை இழந்த துண்டு நிலத்தைக் கேட்டவனுக்கு முழு நாடும் விழுகிறது.

இதை எடுத்து, பழியை விட்டவனுக்கு நல்லது நடக்கும் என்று நீதிக்கதை சொல்லிவிடலாம். ஷேக்ஸ்பியர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. போலந்தில் அவன் பிடிக்கப்போவது ஐந்து நாணயக் குத்தகைக்குக்கூடப் பெறாத நிலம். அதற்காக இருபதாயிரம் பேர் சாகப்போகிறார்கள் என்று அந்தப் படையைக் கண்டு ஹாம்லெட் சொல்கிறான். வினோதம் என்னவென்றால் அதைக் கண்டு அவன் வெட்கப்படுகிறான்; வெறும் பெயருக்காக இத்தனை பேர் சாகத் துணியும்போது தான் சும்மா இருக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். இந்தத் தனிமொழி 1604-05 பதிப்பில் இருக்கிறது, 1623 தொகுப்பில் இல்லை. பழியிலிருந்து விலகியவன் சமாதானப் பிரியன் ஆகவில்லை. அவன் வன்முறை வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டது, அவ்வளவே.

ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் குழி வெட்டுபவன் போகிறபோக்கில் சொல்லும் ஒரு தகவல் இதற்கெல்லாம் அடியில் கோடு போடுகிறது. அவன் இந்த வேலைக்கு வந்தது, பழைய அரசன் ஃபோர்ட்டின்பிராஸின் தந்தையை வென்ற நாளில். அதே நாளில்தான் இளவரசன் ஹாம்லெட் பிறந்தான். அன்றிலிருந்து 30 ஆண்டாகக் குழி வெட்டுகிறான். வெற்றி, பிறப்பு, புதைகுழி மூன்றும் ஒரே தேதியில். தந்தை அன்று வென்ற நிலமும் அன்று பிறந்த மகனும், அவன் பழிவாங்கி முடிக்கும் நாளில் ஒன்றாகப் போகப்போகிறார்கள். ஹாம்லெட்டின் வயதைச் சொல்வதற்காக மட்டும் இவ்வளவு இணைப்பு தேவையில்லை.

கடைசிக் காட்சியில் நடப்பது எதுவும் ஹாம்லெட் திட்டமிட்டதல்ல. போட்டிக்கு அழைப்பு வருகிறது, போகிறான். கெர்ட்ரூட் தவறாக நஞ்சுக் கோப்பையைக் குடித்துவிடுகிறாள். வாள்கள் கைமாறுகின்றன. லேயர்ட்டீஸ் சாகும் தறுவாயில் உண்மையைச் சொல்கிறான். தனக்கு அரை மணி நேர உயிர்கூட இல்லை என்று தெரிந்த பிறகே ஹாம்லெட் கிளாடியஸைக் குத்துகிறான். மிச்ச நஞ்சை அவன் வாயில் ஊற்றுகிறான். அரசனின் சாவு கடைசியில் ஹாம்லெட் உருவாக்காத ஒரு சம்பவத்தால் நேர்கிறது என்பதை ஜான்சன் நாடகத்தின் குறையாகச் சொன்னார். கவனிப்பு சரி, குறை என்று எண்ண வேண்டியதில்லை. திட்டமிட்ட பழி எதுவும் இந்த நாடகத்தில் திட்டப்படி முடிவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான அத்தாட்சி கிடையாது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், வாளைப் பாய்ச்சும்போது ஹாம்லெட் வாயில் தந்தையின் பெயர் வருவதே இல்லை. முறைகெட்ட உறவு, கொலை என்று கிளாடியஸைத் திட்டுகிறான், என் தாயோடு போ என்கிறான். சில நிமிடங்களுக்கு முன் செத்த தாய்க்காகவும், செத்துக்கொண்டிருக்கும் தனக்காகவும் கொன்றதாகத்தான் காட்சி நடக்கிறது. இந்தத் தருணத்துக்காகவே நாடகம் தொடங்கியது. அது வந்தபோது தொடங்கிவைத்தவர் நினைவில் இல்லை. ஆவியும் வரவில்லை. கிட்டின் நாடகத்தில் ஆவி பிணங்களை எண்ணி மகிழ்ந்தது. இங்கே மூன்றாம் அங்கத்துக்குப் பிறகு ஆவியைக் காணோம். யாருடைய மன நிறைவுக்காக இதெல்லாம் நடந்ததோ, அவர் நிறைவடைந்தாரா என்று சொல்ல ஆளில்லை.

அரசவையாரின் எதிர்வினை வேறு. ஹாம்லெட் அரசனைக் குத்தியதும் மண்டபம் முழுக்க ராஜதுரோகம் என்று கூச்சலிடுகிறது. அவர்களைப் பொறுத்தவரை இளவரசன் அரசனைக் கொன்றுவிட்டான். லேயர்ட்டீஸ் வெளியிட்டது வாள்போட்டிச் சதியை. தோட்டத்தில் நடந்த பழைய கொலையைப் பற்றி அந்த மண்டபத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது, ஹொரேஷியோ ஒருவனைத் தவிர. அதனால்தான் மிச்ச நஞ்சைக் குடிக்கப் போன ஹொரேஷியோவை ஹாம்லெட் தடுத்து, உயிரோடிருந்து கதையைச் சொல்லும்படி கெஞ்சுகிறான். பழி தீர்த்தவனுக்கு விளக்கம் சொல்ல ஒரு வக்கீல் தேவைப்படுகிறது. ஹொரேஷியோ தரும் முன்னுரையில் பழி தீர்ந்த பெருமிதம் துளியும் இல்லை: தற்செயலான சாவுகள், குறி தவறிய சூழ்ச்சிகள், சூழ்ந்தவர் தலையிலேயே விழுந்த திட்டங்கள் என்றே சொல்கிறான். ஹாம்லெட்டின் பள்ளித் தோழர்களைக் கொன்றாயிற்று என்று இங்கிலாந்துத் தூதர்கள் வந்து சொல்கிறார்கள். ஆணையிட்டதாக அவர்கள் நினைக்கும் அரசனே பிணமாகக் கிடக்கிறான்.

இதையெல்லாம் விமர்சகர்கள் ஒரே மாதிரி படிக்கவில்லை. கெதே 1790-களில், செயலுக்கு ஏற்ற வலிமை இல்லாத மென்மையான ஆத்மாவின்மேல் பெருஞ்சுமை ஏற்றப்பட்டது என்றார். கோல்ரிட்ஜ் அளவுக்கு மீறிய சிந்தனையைக் காரணமாக்கினார். ஏ.சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட நூலில் ஆழ்ந்த மனச்சோர்வைக் காரணம் காட்டினார். ஃபிராய்டும் அவர் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸும் ஈடிபஸ் சிக்கலைக் கண்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு: கொல்வது கடமை, தாமதம் நோய். இருபதாம் நூற்றாண்டில் அந்த அனுமானமே கேள்விக்குள்ளானது. வில்சன் நைட் 1930-இல், ஹாம்லெட்தான் அந்த அரண்மனைக்குள் சாவைக் கொண்டுவந்தவன் என்று எழுதியது அன்று பலருக்கு அதிர்ச்சி. எலினார் பிராஸர் 1967-இல், ஆவி தீயது என்றும் அன்றைய பார்வையாளர் பழியைக் கண்டித்தே பார்த்திருப்பார்கள் என்றும் விரிவாக வாதிட்டார். ரெனே ஜிரார்டு ஒருபடி மேலே போய், பழிவாங்கும் நாடக வகையிலேயே சலிப்புற்ற ஷேக்ஸ்பியர், அந்தச் சலிப்பைத்தான் ஹாம்லெட்டின் தாமதமாக எழுதினார் என்றார். கெட்டிக்கார வாசிப்பு. ஆனால் பிர்ரஸ் பேச்சையும் பிரார்த்தனைக் காட்சியையும் அந்த முறுக்கோடு எழுதியவர் அந்த வகையில் சலித்துப்போயிருந்தார் என்பதை நம்புவது சிரமம்.

பழி வீண் என்று தீர்ப்பெழுதுபவர்கள் தாண்டிப்போக முடியாத தடை ஒன்றும் இருக்கிறது. வேறு வழி என்ன இருந்தது? குற்றவாளி அரசன், நீதிமன்றம் அவனுடையது, சாட்சி ஆவி. பிரான்சிஸ் பேக்கன் 1625 கட்டுரையில், தனிமனிதப் பழி சட்டத்தின் வேலையைப் பறிக்கிறது என்று கண்டித்தவர், சட்டத்தால் நிவர்த்தி கிடைக்காத தீங்குகளுக்கான பழியை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை தருகிறார். ஹாம்லெட்டின் நிலைமை அந்தச் சலுகைக்குள் அப்படியே பொருந்துகிறது. சும்மா இருந்தால் கொலைகாரன் ஆள்வான். அவன் ஹாம்லெட்டையும் விட்டுவைக்கப் போவதில்லை, அவனைக் கொல்லச் சொல்லி இங்கிலாந்துக்கு அனுப்பிய கடிதமே சாட்சி. ஆகவே இந்த நாடகம் காட்டும் வீண், சரியான பாதை இருக்கத் தவறான பாதையில் போனதால் வந்ததல்ல. செய்தே தீர வேண்டியதாகத் தோன்றும் செயல், செய்த பிறகு யாருக்கும் எதையும் திருப்பித் தரவில்லை என்பதுதான் இதன் துன்பியல்.

மேடையேற்றுபவர்கள் எதை வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த அர்த்தம் கூடவோ குறையவோ செய்கிறது. லாரன்ஸ் ஒலிவியர் 1948 படத்தில் ஃபோர்ட்டின்பிராஸை முற்றாக நீக்கினார். முடிவெடுக்க முடியாத ஒருவனின் குடும்பத் துயரமாகக் கதை சுருங்கியது. கென்னத் பிரானா 1996-இல் முழுப் பிரதியையும் படமாக்கியபோது, நார்வே வீரர்கள் பழைய அரசனின் சிலையைச் சம்மட்டியால் உடைப்பதில் படத்தை முடித்தார். குரோசாவாவின் 1960 படம் இந்தக் கதையை ஜப்பானிய நிறுவன ஊழலுக்குள் கொண்டுபோனது. அங்கே பழிவாங்க வந்தவன் திரைக்கு வெளியே ஒழித்துக்கட்டப்படுகிறான், குற்றவாளி தண்டனையில்லாமல் தப்பிவிடுகிறான். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் இதை ‘அமலாதித்யன்’ என்று தழுவினார். ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் (1973) சிவாஜி கணேசன் ஹாம்லெட் வேடத்தில் தோன்றும் காட்சி, நடிப்பாற்றலைக் காட்டும் களமாகவே அந்தப் பாத்திரம் இங்கே பரவலாக அறிமுகமானதற்கு அடையாளம்.

விஷால் பரத்வாஜின் ‘ஹைதர்’ (2014) கதையைக் காஷ்மீருக்குக் கொண்டுபோய் முடிவையே மாற்றியது. அதில் தாய், பழி பழியைத்தான் பெறும், விடுதலையைத் தராது என்று மகனிடம் வெளிப்படையாகச் சொல்கிறாள். தன் உடலில் கட்டிய குண்டுகளை வெடித்து மாய்கிறாள். கால்களை இழந்து கிடக்கும் சிற்றப்பன் கொன்றுவிடும்படி கெஞ்ச, ஹைதர் சுடாமல் நடந்துபோகிறான். இந்த மாற்றம் மூலநாடகத்தின் ஓர் இயல்பையும் எடுத்துக்காட்டுகிறது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் பழிவாங்கக் கூடாது என்ற வாதத்தை முன்வைக்கும் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. ஹாம்லெட் ஆவியை ஐயுறுகிறான், தன்னை ஐயுறுகிறான், கடமையை ஐயுறுவதில்லை. கடைசி அங்கத்தில் ஹொரேஷியோவிடம் அவன் கேட்பதும், இவனைக் கொல்வதுதானே மனச்சாட்சிக்கு ஒத்த செயல் என்ற கேள்வியைத்தான். ஹொரேஷியோ அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இங்கிலாந்திலிருந்து செய்தி வர அதிக நாளாகாது என்று மட்டும் எச்சரிக்கிறான்.